நெடுஞ்சாலைக்கு மேல் எழும் நகரம்: வான்வெளி உரிமையும் குடியிருப்பாளர் நிலையும்

முன்னுரை

நகரத்தில் நிலம் அருகும்போது மனிதர் மூன்று வழிகளில் இடம் தேடுகின்றனர். கடலையும் சதுப்பையும் தூர்த்துப் புதுநிலம் பெறுவது ஒரு வழி. நிலத்துக்கு அடியில் இறங்குவது மற்றொரு வழி. முன்பே வேறொரு பயனுக்கென விடப்பட்ட இடத்தின் மேல் தளம் அமைத்து, அத்தளத்தின்மீது கட்டடம் எழுப்புவது மூன்றாம் வழி. இம்மூன்றாம் வழியின் ஒரு கூறாகிய நெடுஞ்சாலைமேற் கட்டுமானத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்தோர் சுங்கை பூலோவிலும் ஆயர் குரோவிலும் சாலையின் குறுக்கே பாலம்போல எழுப்பப்பட்ட உணவகக் கட்டடங்களைக் கண்டிருப்பர். அவை ஓய்விடங்கள் மட்டுமே. இதே உத்தியைக் கொண்டு வீடுகளும் தங்கு விடுதிகளும் கடைத்தொகுதிகளும் பூங்காக்களும் அடங்கிய ஒரு நகர்ப்பகுதியையே நெடுஞ்சாலைக்கு மேல் எழுப்பலாம் என்பது பல நாடுகளில் செயலுக்கு வந்த கருத்து. சில இடங்களில் அது வென்றது. சில இடங்களில் கடைக்கால் தோண்டிய நிலையிலேயே நின்றுபோயிற்று.

மேல்நாட்டு நகரமொன்றின் கட்டடத் திட்டத்தைத் தமிழாய்வு இதழில் பேசுவது ஏன் என்னும் வினா எழலாம். தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்த மலேசியத் தமிழரின் வரலாறு, நிலத்தில் உழைத்தும் நிலவுரிமை பெறாத மக்களின் வரலாறாகும். பொதுநிலம் யாருக்கு, எத்துணைக் காலத்திற்கு, எந்த விலைக்கு வழங்கப்படுகிறது என்னும் கேள்வி நம் குடும்பங்களின் வாழ்வோடு கலந்தது. நெடுஞ்சாலைக்கு மேலுள்ள வான்வெளியும் பொதுநிலமே. ஆதலின், பாஸ்டன் நகரின் திட்டமொன்றை முதலில் ஆராய்ந்து, அதன் வெளிச்சத்தில் கோலாலம்பூரின் புக்கிட் கியாராவையும் கேமரன் மலையின் கோலா தெர்லாவையும் நோக்குவோம்.

1. வான்வெளி என்னும் நிலம்

நிலவுரிமை என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது எல்லைக்கல் நட்ட ஒரு பரப்பு. சட்டமோ நிலத்தை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று அளவுகளிலும் காண்கிறது. நிலத்தின் உரிமையாளருக்கு அதன்மேல் நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய வெளியும் உரியது என்பது பழைய கொள்கை. அவ்வெளியை நிலத்தினின்று பிரித்துத் தனியே குத்தகைக்கு விடலாம், விற்கலாம் என்பது அக்கொள்கையின் வளர்ச்சி. அமெரிக்காவில் இருப்புப்பாதை நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனைப் பெரிய அளவில் செயற்படுத்தின. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு வடக்கே பார்க் அவென்யூவின் இருமருங்கும் எழுந்த கட்டடங்கள் பல, தண்டவாளங்களுக்கு மேல் அமைந்தவையே.

மலேசியாவில் நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 75ஏ பிரிவு, அரசு நிலத்துக்கோ ஒதுக்கப்பட்ட நிலத்துக்கோ மேலுள்ள வான்வெளியைப் பயன்படுத்த அனுமதி வழங்கும் அதிகாரத்தை மாநில அதிகாரத் தரப்புக்கு அளிக்கிறது. சாலையின் இருபுறமும் உள்ள கட்டடங்களை இணைக்கும் நடைபாலம் போன்றவற்றை இவ்வதிகாரத்தின்கீழ் அமைக்கலாம். அடுக்குமாடி வீட்டின் தனிப்பட்டாவும் இதே எண்ணத்தின் வேறொரு வடிவமே. பத்தாம் மாடியில் வீடு வாங்கியவர், உண்மையில் வானத்தில் ஓர் அறைக்கட்டையே வாங்கியுள்ளார்.

தமிழ் நிலவழக்கில் 'புறம்போக்கு' என்றொரு சொல் உண்டு. வரி விதிப்புக்குப் புறமாக, ஊரின் பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மேய்ச்சல் வெளி, நீர்நிலை, சுடுகாடு, பாதை ஆகியன புறம்போக்கு. காலப்போக்கில் இச்சொல் பயனற்றவரைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றி டி. எம். கிருஷ்ணா பாடி 2017-இல் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இச்சொல்லின் மூலப்பொருளை மீட்கும் முயற்சியாக அமைந்தது. வரி இல்லாத நிலம் விலை இல்லாத நிலம் என்றும், விலை இல்லாதது யாருக்கும் உரியதன்று என்றும் நழுவும் மனப்போக்கை இச்சொல்லின் வரலாறே காட்டிவிடுகிறது. நெடுஞ்சாலையின் மேல்வெளியைப் பற்றிய பேச்சிலும் இதே நழுவலைக் காணலாம். 'சும்மா கிடக்கும் வெளி' என்று அது முதலில் அழைக்கப்படுகிறது. சட்டம் அதற்கு உரிமை வகுத்தவுடன் அது பெருமதிப்புடைய மனையாகிவிடுகிறது.

2. கட்டுமானத்தின் கணக்கு

இத்திட்டங்களின் போக்கைப் புரிந்துகொள்ள, அவற்றின் கட்டுமான முறையைச் சற்று அறிதல் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் சாலையின்மேல் தளம் போடுவதென்றால், அத்தளத்தைத் தாங்கும் தூண்களைச் சாலையின் ஓரங்களிலும் நடுத்திட்டிலும் மட்டுமே நிறுத்த முடியும். வண்டித்தடங்களின் நடுவே தூண் எழ இயலாது. எனவே தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி மிகுகிறது. இடைவெளி மிகுந்தால் உத்திரத்தின் கனமும் மிகுகிறது. மேலே எழும் கட்டடத்தின் தூண்கள் கீழுள்ள தூண்களுக்கு நேராக அமைவதில்லை. ஆகவே மேற்சுமையைப் பக்கவாட்டில் கடத்திக் கீழ்த்தூண்களிடம் சேர்ப்பிக்கும் பேருத்திரங்கள் தேவைப்படுகின்றன. இப்பணிகளிற் பெரும்பகுதியைப் போக்குவரத்துக் குறைந்த இரவு நேரத்தில், சில தடங்களை மட்டும் மூடிச் செய்யவேண்டியிருப்பதால் காலமும் கூலியும் பெருகுகின்றன.

சாலை நீண்ட தொலைவுக்கு மூடப்பட்டால் அது சுரங்கப்பாதையின் இயல்பைப் பெறுகிறது. புகையை வெளியேற்றும் விசிறிகள், தீத்தடுப்பு ஏற்பாடுகள், அவசர வெளியேறும் வழிகள், இடைவிடாத கண்காணிப்பு ஆகியன கட்டாயமாகின்றன. தளத்தின்மேல் வாழ்வோர்க்கு இரைச்சல் குறைகிறது. மூடிய பகுதியின் இரு வாய்களிலும் புகை செறிந்து வெளிப்படுவதால், அவ்வாய்களின் அருகே குடியிருப்போரின் நிலை முன்னைவிடக் கெடவும் கூடும். யாருடைய வீட்டருகே வாய் அமைகிறது என்பது வரைபடத்தில் ஒரு கோடு. அங்குள்ளோர்க்கோ அது அன்றாட மூச்சு.

இவ்வளவு செலவும் முதல் வீட்டின் முதற்செங்கல் வைப்பதற்கு முன்பே செய்யவேண்டிய செலவாகும். சாதாரண மனையில் நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டும்; நிலம் அங்கே முன்பே இருக்கிறது. இங்கோ நிலத்தையே கட்டவேண்டியுள்ளது. அச்செலவைத் தனியார் மேம்பாட்டாளர் ஏற்பதாயின், அதனை ஈடுசெய்ய விற்கத்தக்க மாடிகளை மிகுதியாக்க வேண்டும். மாடிகள் மிகுந்தால் நிழலும் காற்று வீச்சும் வண்டி நெரிசலும் மிகும். அண்டைக் குடியிருப்பாளர் எதிர்ப்பர். எதிர்ப்புக்கு இணங்கி உயரத்தைக் குறைத்தால் கணக்கு நட்டத்தில் முடியும். நட்டத்தை ஈடுசெய்ய அரசு மானியம் கேட்கப்படும். மானியம் கேட்டவுடன், 'பொதுமக்களுக்குச் செலவில்லாத திட்டம்' என்னும் முதல் வாக்குறுதி உடையும். நெடுஞ்சாலைமேற் கட்டுமானத்தின் சிக்கல் பெரும்பாலும் இச்சுழலிலேயே அடங்கியுள்ளது.

3. பாஸ்டன்: கட்டப்படாத கொலம்பஸ் சென்டர்

மேற்கூறிய சுழலுக்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிடைக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் சுங்க நெடுஞ்சாலை 1957-இல் திறக்கப்பட்டது. பாஸ்டனின் நடுப்பகுதி வரையிலான அதன் நீட்டிப்பு 1965-இல் நிறைவெய்தியது. நகருக்குள் அது பழைய இருப்புப்பாதையை ஒட்டி, தெருமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளமாகச் செல்கிறது. பேக் பே, சவுத் எண்டு, பே வில்லேஜ் முதலிய பழைய குடியிருப்புகளுக்கு இடையே அப்பள்ளம் ஒரு பிளவாக நின்றது. தெருவின் இப்பக்கத்தார் அப்பக்கம் செல்லப் பாலங்களை நாடவேண்டியதாயிற்று.

நெடுஞ்சாலை வந்தபோதே அதன்மேற் கட்டுவதும் தொடங்கிவிட்டது. 52 மாடிகள் கொண்ட புருடென்ஷியல் கோபுரமும் அதனைச் சூழ்ந்த வளாகமும் 1960-களில் பழைய இருப்புப்பாதைக் கொட்டிலின்மீது எழுந்தன. நெடுஞ்சாலை அவ்வளாகத்துக்கு அடியிற் சென்றது. 1980-களின் முற்பகுதியில் காப்ளி பிளேஸ் என்னும் கடை, விடுதி வளாகம் நெடுஞ்சாலைச் சந்திப்பின்மேல் அமைந்தது. அதற்குமுன் அண்டைப்பகுதி மக்கள் அடங்கிய ஆய்வுக்குழுவொன்று பல கூட்டங்களில் திட்டத்தை விவாதித்தது.

இவ்வெற்றிகளைத் தொடர்ந்து, எஞ்சிய பள்ளத்தையும் மூடும் எண்ணம் வலுத்தது. 2000-ஆம் ஆண்டில் நகராட்சியின் மேம்பாட்டு நிறுவனம் நெடுஞ்சாலையின் மேல்வெளியை 23 மனைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் எத்தகைய கட்டடம் தகும், எவ்வளவு உயரம் பொருந்தும் என்று விளக்கும் வழிகாட்டி ஆவணத்தை வெளியிட்டது. அண்டைக் குடியிருப்புகளின் கருத்தைக் கேட்டு உருவான ஆவணம் அது.

அம்மனைகளிற் சிலவற்றை உள்ளடக்கி முன்மொழியப்பட்டதே கொலம்பஸ் சென்டர் என்னும் திட்டம். கிளாரண்டன் தெருவுக்கும் ஆர்லிங்டன் தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியில் சுமார் 7 ஏக்கர் பரப்பில் 35 மாடிக் கோபுரம், தங்கு விடுதி, அடுக்கக வீடுகள், கடைகள், வண்டி நிறுத்துமிடம், பூங்காக்கள் ஆகியவற்றை அமைப்பது நோக்கம். வான்வெளியை நெடுஞ்சாலை ஆணையத்திடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறுவது ஏற்பாடு. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய பேச்சு, 2003-இல் நகராட்சியின் ஒப்புதலை எட்டியது.

அண்டைவாசிகள் இருவகைப்பட்டனர். பிளவு மூடும், இரைச்சல் தணியும், பூங்கா கிடைக்கும் என்று வரவேற்றோர் ஒருசாரார். கோபுரத்தின் உயரம் பழைய செங்கல் வீடுகளுக்குப் பொருந்தாது. பூங்காவின் பெயரால் பொதுச்சொத்து தனியார் கைக்குச் செல்கிறது. நிதிக்கணக்கு மக்களுக்குக் காட்டப்படவில்லை என்று வாதிட்டோர் மறுசாரார். ஆண்டுகள் செல்லச்செல்ல மதிப்பீட்டுச் செலவு உயர்ந்து 80 கோடி டாலர் அளவை எட்டியது. அரசு மானியங்களும் கடன்களும் நாடப்பட்டன. கலிபோர்னியா மாநில ஊழியர்களின் ஓய்வூதிய நிதியே பெரும் முதலீட்டாளராக இருந்தது. ஆக, ஒரு கடற்கரையின் அரசு ஊழியர் சேமித்த பணம், மறு கடற்கரையின் பள்ளமொன்றின்மேல் தளமாக மாறவிருந்தது.

2007-இல் பணி தொடங்கியது. 2008-இல், அமெரிக்க நிதி நெருக்கடி முற்றிய காலத்தில், தளம் உருவாகும் முன்னரே பணி நின்றது. தடுப்புகளும் தொடக்கநிலைக் கட்டுமானங்களும் எஞ்சின. நெடுஞ்சாலை ஆணையம் 2009-இல் மாநிலப் போக்குவரத்துத் துறையுடன் இணைக்கப்பட்டது. 2010-இல் திட்டம் கைவிடப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாகக் கூட்டம் கூட்டமாகச் சென்று பேசிய குடியிருப்பாளருக்குப் பூங்காவும் கிட்டவில்லை, பள்ளமும் மூடவில்லை.

கருத்தே தவறானது என்று இதனால் முடிவுகட்ட இயலாது. அதே நெடுஞ்சாலையின்மேல் வேறொரு மனையில் 2020-இல் தொடங்கிய லிரிக் என்னும் விடுதி, அலுவலக வளாகம் 2024-இல் நிறைவுற்றது. காப்ளி பிளேசுக்குப் பின் நாற்பது ஆண்டுகள் கழித்தே இவ்வெற்றி கிட்டியது. எளிய கணக்கில் அடங்காத ஒரு பணியை எளிய கணக்காகக் காட்டி மக்களிடம் கொண்டுசென்றதே கொலம்பஸ் சென்டரின் குறை எனலாம்.

4. பிற நகரங்களின் பட்டறிவு

வேறு நாடுகளின் முயற்சிகள் இச்சிக்கலின் வேறு பக்கங்களைக் காட்டுகின்றன. ஜப்பானின் ஒசாகாவில் 1992-இல் முடிந்த 16 மாடிக் கட்டடமொன்றின் ஐந்தாம் மாடி முதல் ஏழாம் மாடி வரை ஊடுருவி விரைவுச்சாலை செல்கிறது. மனையின் உரிமையாளர் இடத்தை விட்டுத்தர மறுத்தமையால் நிகழ்ந்த இணக்கம் அது. கட்டடத்தைத் தொடாமல் சாலை தன் தூண்களில் தனித்து நிற்கிறது. தோக்கியோவில் 2014-இல் திறக்கப்பட்ட தோராநோமோன் ஹில்ஸ் கோபுரம், நெடுநாள் நிறைவேறாது கிடந்த வட்டச்சாலையொன்றைத் தன்னடியில் கொண்டு எழுந்தது. அங்குச் சாலையும் கட்டடமும் ஒரே திட்டமாக வகுக்கப்பட்டன.

பெர்லினின் சிலாங்கன்பாடர் தெருவில் 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி நெடுஞ்சாலையை அடியில் அடக்கிய நீண்ட குடியிருப்பொன்று கட்டப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அதில் உள்ளன. வீடில்லாதோர்க்கு வாடகை வீடு தருவதே அதன் நோக்கமாதலின், மாடிகளை விற்று ஈடுகட்ட வேண்டிய நெருக்கடி அங்கில்லை. அதன் அடியிலிருந்த சாலைப்பகுதி 2023-இல் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. சாலைக்காக மேலேறிய வீடுகள் நிலைத்துள்ளன, சாலை ஓய்ந்துவிட்டது. இன்றைய போக்குவரத்துத் தேவையை என்றென்றைக்கும் உரியதாகக் கருதிக் கட்டுவது எத்துணை ஐயத்திற்குரியது என்பதை இது உணர்த்துகிறது.

அமெரிக்காவின் டல்லாசில் 2012-இல் திறக்கப்பட்ட கிளைட் வாரன் பூங்கா, 5.2 ஏக்கர் பரப்பில் விரைவுச்சாலையை மூடியது. அரசு நிதியும் நன்கொடையும் சேர்ந்து தளத்தின் செலவை ஏற்றன. கோபுரம் கட்டி ஈடுசெய்யும் சுமை பூங்காவின்மேல் ஏற்றப்படவில்லை. ஆயினும் சுற்றுப்புற மனைகளின் விலை உயர்ந்து, அப்பயன் பெரும்பாலும் மனையுரிமையாளரையே சேர்ந்தது. செயிண்ட் பால் நகரின் ராண்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பை 1960-களில் நெடுஞ்சாலை பிளந்தது. அச்சாலையின்மேல் நிலப்பாலம் அமைத்து இழந்த ஊரை மீட்கவேண்டும் என்று அவர்தம் வழித்தோன்றல்கள் கோரி வருகின்றனர். யாருடைய இழப்பால் சாலை வந்ததோ, அவர்களையே பயனாளியாகக் கொள்ளும் கோரிக்கை இது. பாஸ்டனில் எழாத வினாவை இம்மக்கள் எழுப்பியுள்ளனர்.

5. கோலாலம்பூர்: புக்கிட் கியாரா

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த பழைய இருப்புப்பாதைப் பெட்டிகள் சேர்க்கும் களத்தை நகர்ப்பகுதியாக மாற்றும் பணி 1994-இல் ஒரு கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 72 ஏக்கர் பரப்பிலான கே.எல். சென்ட்ரல் அதன் விளைவு. நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. போக்குவரத்து நிலத்தின்மேல் நகரம் எழுந்தமைக்கு நாமறிந்த பெரிய சான்று இதுவே. நிலம் முழுதும் ஒரே கையில் இருந்தமையால் பணி விரைந்தது. அதனருகே, அரசு ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட 'நூறு குவாட்டர்ஸ்' போன்ற வரிசை வீடுகளில் தலைமுறைகள் வாழ்ந்தும், வீட்டுரிமை குடியிருந்தோர்க்கு உரியதாக இருக்கவில்லை.

கொலம்பஸ் சென்டரின் சுழல் நம் நாட்டில் மிகத் தெளிவாக வெளிப்பட்டது புக்கிட் கியாராவில்தான். நெடுஞ்சாலைக்கு மாற்றாக அங்கிருந்தது ஒரு பொதுப்பூங்கா. புக்கிட் கியாரா முன்னாளில் ரப்பர்த் தோட்டம். 1970-களில் அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீள்வரிசை வீடுகளில் தற்காலிகமாகக் குடியேற்றப்பட்டன. நிலையான வீடு கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்போடு ஏறத்தாழ நூறு குடும்பங்கள் நாற்பதாண்டுகளை அங்கே கழித்தன. சுற்றிலும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் நடுத்தர வகுப்பினரின் குடியிருப்பு வளர்ந்தது. தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா இருசாராருக்கும் இடையில் அமைந்தது.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் அப்பூங்காவின் ஒரு பகுதியிலும் நீள்வரிசை வீடுகளின் மனையிலும் கட்டடம் எழுப்ப மாநகர் மன்றத்தின் அனுமதி வழங்கப்பட்டது. 42 முதல் 54 மாடிகள் வரையுள்ள எட்டுச் சேவை அடுக்ககக் கோபுரங்கள். அவற்றோடு, நீள்வரிசை வீட்டாரையும் உள்ளடக்கிய மலிவு விலை வீடுகளுக்காக 29 மாடிக் கட்டடம் ஒன்று. ஏழைத் தொழிலாளரின் வீட்டுச்செலவை எட்டுக் கோபுரங்கள் ஈட்டித்தரும் என்பதே கணக்கு. பாஸ்டனில் பூங்காவின் செலவைக் கோபுரம் ஏற்கவிருந்தது. இங்கே ஏழையின் வீட்டுச்செலவைக் கோபுரங்கள் ஏற்கவிருந்தன.

விளைவும் ஒத்ததே. அண்டைக் குடியிருப்பாளர் நீதிமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றம் 2018-இல் அவர்தம் மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் அனுமதியை நீக்கியது. கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 18-இல் அந்நீக்கத்தை உறுதிசெய்தது. நகர அமைப்புத் திட்டத்தில் பொதுவெளி எனக் குறிக்கப்பட்டதைக் காரணம் கூறாது மாற்ற இயலாது; அத்திட்டம் சட்டவலிமை உடையது; மாநகர் மன்றத் தலைவர் நலமுரண்பாட்டுக்கு இடந்தரலாகாது என்பன இவ்வழக்கில் நிலைபெற்ற கொள்கைகள்.

பொதுநிலச் சட்டத்தில் இது முதன்மையான தீர்ப்பு. எனினும் இதன் மறுபக்கத்தை நாம் மறத்தலாகாது. நீள்வரிசை வீட்டாரின் சங்கம் வழக்கில் திட்டத்தின் பக்கமே நின்றது. வேறு வழி அவர்களுக்குக் காட்டப்படவில்லை. பூங்காவைக் காக்க எழுந்த குரல், தோட்டத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கு எதிரான குரலாக அவர்தம் செவியில் விழுந்தது. உண்மையில் இரு கோரிக்கைகளும் முரண்பட்டவை அல்ல. நீள்வரிசை வீடுகள் நின்ற மனையிலேயே அவர்களுக்கு வீடு கட்டலாம் என்று பூங்காவைக் காக்க முயன்றோர் பலர் கூறினர். வீட்டையும் கோபுரத்தையும் ஒரே முடிச்சில் கட்டிய திட்டமே ஏழையையும் அண்டைவாசியையும் எதிரெதிரே நிறுத்தியது. தீர்ப்பு கோபுரத்தைத் தடுத்தது. வீட்டுக்கான நெடுங்காலக் கடனை அடைப்பது தனிப்பணியாக எஞ்சியது.

6. கோலா தெர்லா: சாலையோரத்து மண்

கோபுரங்களின் நகரத்திலிருந்து மலைச்சரிவுக்கு வருவது தொடர்பற்ற தாவலாகத் தோன்றலாம். ஆனால் வான்வெளிக்கு வழங்கப்படும் உரிமையின் அளவை அறிய, மண்ணுக்கு வழங்கப்படும் உரிமையோடு அதனை ஒப்பிடுவது இன்றியமையாதது. அதற்குக் கோலா தெர்லா தக்க இடம்.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் வழியில், தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ அமைந்துள்ளது கோலா தெர்லா. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய மலைப்பாதையோடு சிம்பாங் பூலாய் சாலையும் சேர்ந்தபின் இப்பகுதியின் போக்குவரத்து பெருகியது. சாலை பெருகிய இடத்தில் நிலத்தின் மதிப்பும் பெருகுவது இயல்பு. அம்மதிப்பு யாருக்குச் சேர்கிறது என்பது உரிமைத்தாளைப் பொறுத்தது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளி வாழும் லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் அவ்வீட்டின் தரத்தைப் பேசுகிறது. அதனைத் தொழிலாளிக்கு உரிமையாக்குவதில்லை. தோட்டவேலையை விட்டுக் காய்கறி பயிரிட வந்த தமிழருள் பலர் அரசு நிலத்தில் 'டி.ஓ.எல்.' எனப்படும் தற்காலிக உரிமத்தை நம்பியோ, அதுவுமின்றியோ உழுதனர். தேசிய நிலச் சட்டத்தின்படி அவ்வுரிமம் ஆண்டிறுதியோடு முடிவது; ஒவ்வோராண்டும் புதுப்பிக்க வேண்டியது; பிறருக்கு மாற்ற இயலாதது; உரிமம் பெற்றவர் இறந்தால் தானும் இறப்பது. தந்தை சரிவில் படிக்கட்டுப் பாத்தி வெட்டி, நீர்க்குழாய் இழுத்து, மழைக்கூரை அமைத்துப் பண்படுத்திய நிலம், சட்டத்தின் பார்வையில் மகனுக்கு எவ்வகையிலும் உரியதாவதில்லை.

2019-ஆம் ஆண்டு ஜூலையில் கோலா தெர்லாவில் இந்திய உழவர்களின் காய்கறித் தோட்டங்களை அகற்றும் நடவடிக்கையைப் பகாங் மாநில அதிகாரிகள் மேற்கொண்டனர். நீர்ப்பிடிப்புப் பகுதியின் பாதுகாப்பு காரணமாகக் கூறப்பட்டது. மலைநாட்டில் நீரின் தூய்மை புறக்கணிக்கத்தக்கதன்று. சரிவுகளின் அரிப்பும் உரக்கழிவும் கீழ்நிலத்தாரைத் தாக்குவன. அதே வேளையில், பல்லாண்டு உழைப்பு ஓர் அறிவிப்பில் முடிந்துபோகக்கூடிய நிலையில் அவ்வுழவர்கள் இருந்தமைக்குக் காரணம் அவர்தம் உரிமத்தின் இயல்பே.

ஒருபுறம், இன்னும் கட்டப்படாத தளத்தின் மேலுள்ள காற்றுக்கு 99 ஆண்டுக் குத்தகை. மறுபுறம், ஒரு தலைமுறை உழுத மண்ணுக்கு ஓராண்டு உரிமம். நாடும் சட்டமும் வேறுவேறாயினும், காலத்தை வழங்குவதில் காணப்படும் இவ்வேற்றுமை ஒன்றை உணர்த்துகிறது: பெருமுதல் கொண்டுவருவோர்க்கு நீண்ட காலம் தேவை என்பதை அரசுகள் எளிதில் ஏற்கின்றன, உழைப்பைக் கொண்டுவருவோர்க்கும் அதே தேவை உண்டு என்பதை எளிதில் ஏற்பதில்லை.

முடிவுரை

சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாகக் காட்டுகிறது. அவ்விரண்டுக்கும் இடையே மரங்கள் நிறைந்த வெளியில் நாளங்காடி அமைந்திருந்தது. வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த ஒருபுறத்தையும், அரசரும் அந்தணரும் வாழ்ந்த மறுபுறத்தையும் இணைத்தது அவ்வெளி. இரு பாக்கங்களுக்கு இடைப்பட்ட வெளி இருசாராருக்கும் உரியது என்னும் எண்ணம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. நெடுஞ்சாலை அவ்வெளியைப் பிளவாக்கியது. அதன்மேல் எழும் கட்டடம் அதனை மீண்டும் நாளங்காடியாக்கலாம். உயர்ந்த மதிலாக்கவும் செய்யலாம்.

இத்தகைய திட்டம் எங்கு முன்மொழியப்படினும் நாம் எழுப்பவேண்டிய வினாக்கள் நான்கு. தளத்தின் செலவு எவ்வளவு, அதனை ஏற்பவர் யார் என்பது தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறப்பட்டதா? பூங்கா, வீடு முதலிய பொதுநன்மை கோபுரத்தின் விற்பனையைச் சாராது தனித்து நிறைவேறுமா? பணி இடையில் நின்றால் பள்ளத்தை மூடும் பொறுப்பு யாருடையது? உரிமைத்தாள் இல்லாமலே அங்கு நெடுங்காலம் வாழ்ந்தோர் கணக்கில் சேர்க்கப்பட்டனரா? கொலம்பஸ் சென்டரில் முதல் மூன்று வினாக்களுக்கும் உரிய காலத்தில் தெளிவான விடை கிட்டவில்லை. புக்கிட் கியாராவில் இரண்டாம் வினாவும் நான்காம் வினாவும் ஒன்றோடொன்று மோதவிடப்பட்டன. கோலா தெர்லாவிலோ நான்காம் வினா இன்றும் விடை கோரி நிற்கிறது.

இலக்கியத்தில் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல், கரு, உரி என்று பகுத்துரைப்பர். முதற்பொருளாகிய நிலத்தோடு பொழுதும் சேர்ந்தே எண்ணப்பட்டது என்பதையும் மாணவர்க்கு விளக்குவர். நிலவுரிமையும் அவ்வாறே இடத்தாலும் காலத்தாலும் ஆனது. எவ்வளவு பரப்பு என்பதோடு எவ்வளவு காலம் என்பதையும் கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே வளர்த்தல் நன்று. நாளை நகரில் ஒரு திட்டத்தின் அறிவிப்புப் பலகையையோ, மலையில் ஓர் உரிமத்தின் கடைசி வரியையோ படிக்க நேரும் மாணவர்க்கு அப்பழக்கம் துணைசெய்யும்.